தீவில் இறங்கும் அந்த முதல் நாள்

கரை இன்னும் முப்பது மீட்டர் தள்ளி இருக்கும்போதே படகு நின்றுவிட்டது. “சம்பாய், சம்பாய்!” என்றார் படகோட்டி. எங்கே வந்துவிட்டோம்? சுற்றிலும் தண்ணீர்தான். எதிரே வெள்ளை மணல் பளபளக்கிறது. படகுத்துறை எதுவும் கண்ணில் படவில்லை. அப்போது சின்னப் படகு ஒன்று வந்து எங்கள் படகோடு ஒட்டி நின்றது. அதில் ஏறவேண்டுமாம். அதற்குத் தலைக்குச் சில ரிங்கிட் தனியாம். அதுவும் மணலைத் தொடாது. கடைசி ஐந்தாறு அடி முழங்கால் தண்ணீரில் நடக்கவேண்டுமாம்.

எங்கள் கூட்டத்தைச் சொல்கிறேன். முழங்கால் வலியுள்ள அம்மா, புதுச் சுடிதாரில், புதுக் காலணியோடு. அக்கா, அத்தான், ஐந்து வயதுச் சின்னவன். நான். கூடவே சக்கரம் வைத்த மூன்று பெரிய பெட்டிகள். விமான நிலையத்துத் தரையில் அழகாக உருண்ட சக்கரங்கள், மணலில் ஓர் அடிகூட நகரவில்லை.

அத்தான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அம்மாவை நானும் படகுப் பையனும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இறக்கினோம். கரையேறி எண்ணிப் பார்த்தால் பெட்டி இரண்டுதான். மூன்றாவது, எங்களோடு கிளம்பிய இன்னொரு படகில் ஏறிப் பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டது. அம்மாவின் சர்க்கரைச் சோதனைக் கருவி, பலகாரம், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு எல்லாம் அதில்தான்.

காலை ஏழரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டவர் அம்மா. படகில் வாந்தி வருமே என்று பயந்து, ஒரே ஓர் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ஒன்பது மணிப் படகு பதினொன்றுக்குத்தான் கிளம்பியது. விடுதியில் அறை இரண்டு மணிக்குத்தான் தயாராகும் என்றார்கள். வரவேற்பறைப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. “வெயில்மா, ஒண்ணுமில்ல,” என்றார். நாங்களும் வெயில் என்றே நம்பி விசிறிக்கொண்டிருந்தோம்.

சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு கக்காக்தான் நேராக வந்து கேட்டார்: “கென்சிங் மானிஸ்?” நீரிழிவா என்ற அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. பதிலுக்குக்கூட நிற்காமல் ஒரு பெரிய கோப்பையில் ஆயர் சிரப் கொண்டுவந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் அம்மாவுக்கு நடுக்கம் நின்றது. “சின்னவன் சாப்பிட்டானா?” என்று கேட்டார். அக்கா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் இதை என் காலை நிகழ்ச்சியில் சொன்னேன். ஐந்து நிமிடப் பேச்சுக்கு அரை மணி நேரம் தொலைபேசி ஓயவில்லை. ஒருவருக்குக் கைப்பேசி தண்ணீரில் விழுந்து, முன்பதிவு விவரம் எல்லாம் அதோடு போனது. இன்னொருவர் குடும்பத்தோடு தவறான தீவில் இறங்கிவிட்டார். ஒரு தம்பதி முதல் நாளே முதுகு கொப்பளித்து, மீதி இரண்டு நாளும் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. ஏறக்குறைய எல்லாரும் மாட்டிக்கொண்டது வந்து இறங்கிய அந்த முதல் நாளில், அதுவும் முதல் ஆறேழு மணி நேரத்துக்குள். எந்த விடுதி மலிவு, எங்கே ஆமை பார்க்கலாம் என்பதற்கெல்லாம் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. நான் அந்த ஆறேழு மணி நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் போனது திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகள். மலாய் மொழியில் ‘பெர்ஹெந்தியான்’ என்றால் நிறுத்தம். நம்மூர்ப் பேருந்து நிறுத்தத்துக்கும் அதே சொல்தான். அந்தக் காலத்து வணிகப் படகுகள் இளைப்பாறி நின்ற இடமாம். தீவு ஒன்றல்ல, பெசார், கெச்சில் என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கடற்கரைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சாலை இல்லை. தீவில் காரே கிடையாது. காட்டுப் பாதையில் நடக்கவேண்டும், இல்லையென்றால் படகு. எங்கள் பெட்டி தொலைந்த கதையின் மூலமும் இதுதான். பெட்டியில் என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டியிருந்தேன். எந்தத் தீவு, எந்தக் கடற்கரை, எந்த விடுதி என்று எழுதவில்லை. படகுப் பையன் பாவம், என் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

எப்போது போவது?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் போகலாமா என்று இன்றும் நேயர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். பெரும்பாலான விடுதிகள் பூட்டியிருக்கும். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் இந்தத் தீவுகளுக்குப் பருவம். டிசம்பரில் கடல் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மேற்குக் கரைக்குத் திரும்புங்கள். லங்காவியில் அப்போதுதான் மழை குறைந்து வெயில் தொடங்கும்.

தீபாவளி அக்டோபர் கடைசியில் வருகிற ஆண்டுகளில், விடுமுறையோடு சேர்த்துக் கடைசிப் படகைப் பிடித்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கடல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுமா என்று எந்தப் படகுக்காரரும் உத்தரவாதம் தரமாட்டார். திரும்பும் நாளுக்கு மறுநாளும் விடுப்பு இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

இன்னொன்று, திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலையிலிருந்தே கூட்டம் கூடும். வெள்ளி நண்பகலில் தொழுகை நேரம். கடைகளும் முகப்புகளும் கொஞ்ச நேரம் அடைத்திருக்கும். அந்த நேரத்தில் போய் நின்று, “யாருமே இல்லையே!” என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. ஞாயிறு காலை போய் இறங்கினால் எல்லாமே கொஞ்சம் மெதுவாக, இதமாக நடக்கும்.

படகுத்துறைக்கு முன்னால்

தீவுக்குப் படகு ஏறும் இடம் கோல பெசுட். கோலாலம்பூரிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம். விமானத்தில் கோத்தா பாருவுக்குப் போனால், அங்கிருந்து சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல். நம்மில் பலர் செய்வது, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடிய விடிய ஓட்டி, தூக்கமில்லாமல் நேரே படகில் ஏறுவது. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒரு ராத்திரி விடுதிச் செலவு மிச்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். தூங்காத ஓட்டுநர், தூங்காத பிள்ளை, சரியாகச் சாப்பிடாத பெரியவர், இந்த மூவரையும் கடலில் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இப்போது நாங்கள் முதல் நாள் மாலையே கோல பெசுட்டிலோ பக்கத்தில் ஜெர்த்தேவிலோ போய்ப் படுத்துவிடுகிறோம். சாதாரண அறை போதும். காலையில் குளித்து, உட்கார்ந்து நாசி டாகாங் சாப்பிட்டுவிட்டு ஏறுவது வேறு மாதிரிப் பயணம்.

பணத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் ஏடிஎம் கிடையாது. அட்டை வாங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் இணைப்பு போய்விட்டால் அட்டை வெறும் பிளாஸ்டிக்தான். குட்டிப் படகு, முக்குளிப்புக் கண்ணாடி வாடகை, மாலையில் ஒரு ரொட்டி சானாய் எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். ஐம்பது ரிங்கிட் நோட்டாக வைத்துக்கொண்டு சில்லறைக்கு அலையாமல், சிறிய நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படகுத்துறையில் கடல் பூங்காக் கட்டணம் கட்டவேண்டும். மலேசியருக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குக் கூடுதல். மைகார்டைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள், விடுதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படகுச்சீட்டு பெரும்பாலும் போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான். திரும்பும் பாதியைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பும் நேரத்தை முந்திய நாளே விடுதியில் சொல்லி வைக்கவேண்டும். சொல்லாதவருக்காகப் படகு காத்திருக்காது.

அரை மணி முதல் முக்கால் மணி

விரைவுப் படகு தீவை அடைய அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆனால் அலை இருக்கும் நாளில் அது குதிரைச் சவாரி. முன்பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று இளசுகள் ஓடிப்போய் இடம் பிடிப்பார்கள். அலையில் முதலில் எகிறி, முதலில் அடிவாங்குவது அந்த முன்பக்கம்தான். முதுகு வலி உள்ளவர், பெரியவர், சின்னப் பிள்ளை எல்லாரும் பின்பக்கம் உட்காரட்டும். கர்ப்பிணிகள் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பின்னால் கொஞ்சம் நனைவீர்கள், பரவாயில்லை. குமட்டல் மாத்திரை போடுவதாக இருந்தால் படகு கிளம்பும்போது போட்டுப் பயனில்லை. அரை மணி, ஒரு மணி நேரம் முன்னதாகவே போடவேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு இஞ்சி மிட்டாய் கைகொடுக்கிறது.

லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் தருவார்கள். எங்கள் சின்னவனுக்குக் கொடுத்தது பெரியவர் அளவு. தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். சட்டை மட்டும் மேலே வந்தது, அவன் கீழேயே இருந்தான். தண்ணீரிலும் அதுதான் நடக்கும். பிள்ளையின் எடைக்குப் பொருத்தமான, கால்களுக்கு இடையே வார் வைத்த ஒன்றை வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். தீவில் தினமும் பயன்படும். இரண்டு குடும்பங்கள் முறை போட்டுக் கடன் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புகைப்படத்துக்கான உடை பெட்டியில் இருக்கட்டும். முழங்கால் வரை மடிக்கக்கூடிய கால்சட்டை, ரப்பர் செருப்பு, அவ்வளவுதான். சேலையில்தான் வருவேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், தண்ணீரில் இறங்கும்போது இருபுறமும் ஆள் நிற்கட்டும். சக்கரப் பெட்டிகளைவிடத் தோளில் மாட்டும் பைகள் நல்லவை.

கழுத்தில் தொங்கும் சின்னப் பை

எங்கள் தவறு எல்லாம் இதில்தான் குவிந்திருந்தது. பெட்டிகள் உங்களோடு வரும் என்று நம்பாதீர்கள். வரலாம், வராமலும் போகலாம், நனைந்தும் வரலாம். அன்று ராத்திரி வரை பெட்டியே வராவிட்டால் இந்தக் குடும்பத்தால் சமாளிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு, அதற்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் புகாத ஒரு சின்னப் பையில் போட்டு, உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மருந்து. அன்றைக்கு மட்டும் அல்ல, மூன்று நாளைக்கு. கடல் மோசமானால் திரும்புவது தள்ளிப்போகும். இன்சுலினை வெயில் படும் இடத்தில் வைக்கக்கூடாது. நேரடியாக ஐஸ்கட்டி மேலும் வைக்கக்கூடாது. துணியில் சுற்றி, வாயகன்ற குளிர்க்குடுவையில் வைத்துக்கொண்டு போகலாம். சோதனைக் கருவி பக்கத்திலேயே இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உறிஞ்சுகுழல். மருத்துவர் எழுதிய சீட்டின் படம் கைப்பேசியில் ஒன்று, தாளில் ஒன்று.

அடுத்து சர்க்கரை. நீரிழிவு உள்ளவர் வீட்டிலேயே இனிப்பை ஒளித்துவைத்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம். கடற்கரையில் இவை எல்லாமே வெயில் மாதிரியே தெரியும். ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி கரைத்த தண்ணீரோ இனிப்புப் பானமோ கொடுக்கவேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்து, குறைவாகவே இருந்தால் மறுபடி கொடுத்து, சரியானதும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999. இதை எங்களுக்கு மருத்துவமனையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். விடுமுறை என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

மீதி இடத்தில் அடையாள அட்டைகள், ரொக்கம், படகுச்சீட்டு, பிள்ளைக்கு ஒரு மாற்று உடை, எல்லாருக்கும் பிஸ்கட்டோ முறுக்கோ.

முகப்பில் முதல் கேள்வி

விடுதியில் நுழைந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி வைஃபை கடவுச்சொல். நான் இப்போது கேட்பது, “ராத்திரி யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள், படகு யாருடையது, அந்த எண் என்ன? தீவின் மீனவர் கிராமத்தில் சிறு மருத்துவ நிலையம் இருக்கிறது. மருத்துவமனை கடலைத் தாண்டி ஜெர்த்தேயில்தான். மாலைக்குப் பிறகு வழக்கமான படகு ஓடாது. இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் விடுதியும் உண்டு. “என் அண்ணன் படகு இங்கேயே நிற்கிறது” என்று சொல்லும் விடுதியும் உண்டு. நான் இரண்டாவதுக்குத்தான் மறுபடி போவேன், அறை எப்படி இருந்தாலும்.

மின்சாரம் எத்தனை மணி நேரம், குழாய்த் தண்ணீர் உப்பா, குளிர்பதனப் பெட்டியில் மருந்து வைக்க முடியுமா என்பதெல்லாம் முன்பதிவு செய்யும்போதே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம். அறை தயாராகத் தாமதமாகும் என்பதையும் எதிர்பார்த்தே போங்கள். அந்த நேரத்தில் சாப்பிடுங்கள். முதலில் சாப்பாடு, பிறகுதான் மற்றதெல்லாம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறிப் பொரியல் என்று கேட்டால் அதில் பெலாச்சான் இருக்கும். சம்பாலில் நெத்திலி இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அது காய்கறிச் சாப்பாடுதான். “சாயூர் சஹாஜா, தக் நாக் பெலாச்சான், தக் நாக் இக்கான் பிலிஸ்” என்று பிரித்துச் சொன்னால் சிரித்துக்கொண்டே தனியாகச் செய்து தருகிறார்கள். புரட்டாசி மாதம் இந்தப் பருவத்துக்குள்ளேயே வருவதால் இது நம்மவர்கள் பலருக்கும் வரும் சிக்கல். முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதில் வெட்கமே வேண்டாம். சாப்பிட்ட மிச்சத்தை மட்டும் அறைக்கு வெளியே வைக்காதீர்கள். அங்கே உடும்புகள் தைரியமானவை. நம் முறுக்கை அவை அம்மா கண்ணெதிரிலேயே தூக்கிப் போயின.

கடல் கொஞ்சம் பொறுக்கட்டும்

இதைத்தான் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். அவ்வளவு தெளிந்த நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, உள்ளே வராதே என்றால் யார் கேட்பார்கள்? ஆனாலும் முதல் நாள் கணுக்கால் வரைக்கும்தான் என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டம். வெயில் தாழ்ந்தபின் கரையோரமாக நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கிறது, எங்கே பவளப்பாறை தொடங்குகிறது, படகுகள் எந்த வழியாக வந்துபோகின்றன என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். படகு வரும் பாதையில் நீந்துவதைப்போல ஆபத்து வேறில்லை.

நம் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது. பெற்றோருக்கும்தான். கையில் மாட்டும் காற்றுப் பைகளும் அன்னப்பறவை மிதவையும் விளையாட்டுப் பொருள்கள். கரையிலிருந்து காற்று வீசினால் பிள்ளையோடு சேர்த்து நகர்ந்துவிடும். நீங்கள் கையை நீட்டினால் பிள்ளை கைக்கு எட்டவேண்டும், அந்தத் தூரம்தான் பாதுகாப்பு. ஆளுக்கு அரை மணி நேரம் என்று காவல் முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். என் அக்காவின் வாக்கு இது.

“நாம கறுப்பு, நமக்கு வெயில் ஒண்ணும் செய்யாது” என்ற பேச்சையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். செய்யும். மேகமூட்டமாக இருந்தாலும் செய்யும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் களிம்பு பாதி மிச்சம். ஜெல்லி மீன் கடித்தால் கரையேறி, கடித்த இடத்தைத் தேய்க்காமல், வினிகர் இருந்தால் அரை நிமிடம் நன்றாக ஊற்றுங்கள். மூச்சுத் திணறல் தெரிந்தால் தாமதிக்காமல் உதவி கேளுங்கள். முகப்பில் கேட்ட அந்த முதல் கேள்வி இங்கே பயன்படும்.

எங்கள் மூன்றாவது பெட்டி அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து சேர்ந்தது, ஒரு சக்கரம் குறைவாக. புளிச்சோறு கெட்டுப்போயிருந்தது. மறுநாள் விடியற்காலை அம்மாவைக் காணோம் என்று தேடிப் போனால், கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை தண்ணீர் வந்து போய்க்கொண்டிருந்தது. “இத்தன வருஷம் இந்த நாட்டுல இருந்துட்டு இதப் பாக்காம இருந்துட்டேனேம்மா,” என்றார்.

போன ஆண்டு மறுபடி போனோம். சின்னவன் தன் சொந்த லைஃப் ஜாக்கெட்டில். அம்மா ரப்பர் செருப்பில், கழுத்தில் ஆரஞ்சு நிறச் சின்னப் பையோடு. சமையற்கட்டுக் கக்காக்குக்கென்று கோலாலம்பூரிலிருந்து ஒரு டப்பா நெய் உருண்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை மட்டும் எந்தப் பெட்டியிலும் வைக்காமல், படகு முழுக்க மடியிலேயே வைத்திருந்தார்.